ஒரு தகட்டுக்காரர்

பிப்ரவரி 4

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

போனில் பேசிவிடலாமே என்று என் மகன் சொன்னான். போனில் நீங்கள் "சரிங்க சம்பந்தி, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி கிடையாது. தவிர, என் வாய் இன்னும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கை நன்றாக இருக்கிறது. ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே ஓடிய விரிசலைப் பார்க்க நான் ஸ்டூலில் ஏறியதும், ஸ்டூல் ஆடியதும், ஜன்னல் கட்டையில் என் முகம் மோதியதும் முடிந்த கதை. ஸ்டூல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. இடது காதுக்குக் கீழே, தாடை திரும்பும் மூலையில் எலும்பு இரண்டாகிவிட்டது. உங்கள் ஆஸ்பத்திரியிலேயே வாய்க்குள்ளிருந்து கீறி, தகடு வைத்து, திருகாணி போட்டுச் சேர்த்தார்கள். அதற்கு நன்றி சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த நன்றியில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

போன வாரம் உங்கள் மகள் பேச்சோடு பேச்சாக, "நீங்க ஒரு தகடு குரூப்பு மாமா" என்றாள். என்ன குரூப்பு என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். விடாமல் கேட்டதில் எல்லாம் வந்தது. இந்த மாதிரி மூலையில் உடைந்த தாடைகளில் சிலருக்கு மேல் விளிம்பில் ஒரு தகடு மட்டும் வைக்கிறீர்களாம். சிலருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தகடு வைக்கிறீர்களாம். எது தேவலை என்று ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களாம். யாருக்கு எது என்று டாக்டர் முடிவு செய்வதில்லையாம். ஒட்டிய உறை ஒன்றைப் பிரித்து, உள்ளே உள்ள சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போடுகிறீர்களாம்.

என் தாடையைச் சீட்டுக் குலுக்கியா போட்டீர்கள்?

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். செங்கல்லையும் கம்பியையும் பார்த்துத்தான் கட்டட வேலை கற்றுக்கொண்டேன். கம்பி எட்டு மில்லியா பன்னிரண்டு மில்லியா என்று சீட்டு எடுத்துப் பார்த்து ஒரு வீடும் கட்டியதில்லை. எது நல்லது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதைத்தான் எனக்குப் போட்டிருக்க வேண்டும். தெரியாது என்றால் கத்தியையே எடுத்திருக்கக் கூடாது. எது நல்லது? இதற்கு நேரான பதில் வேண்டும்.

உங்கள் ஆராய்ச்சியிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள். அடுத்த பரிசோதனைக்கும் நான் வருவதாக இல்லை.

உங்கள் மகளைத் தவிர உங்கள் தரப்பில் வேறு யார் மேலும் இப்போதைக்கு நல்ல எண்ணம் இல்லாத
சம்பந்தி


பிப்ரவரி 9

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

ஸ்டூல் என்னுடையது. அதில் ஏற வேண்டாம் என்று சொன்ன வாயும் என்னுடையது.

உங்கள் கோபம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. ஒப்புதல் தாளை நர்ஸ் உங்களுக்குப் படித்துக் காட்டினார். பிறகு நீங்களும் வாங்கிப் படித்தீர்கள். அந்தத் தாள் இப்போது என் மேஜையில் இருக்கிறது. மூன்றாவது வரியில் "திருகானி" என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து, "திருகாணி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். சீட்டையும் உறையையும் பற்றி எழுதியிருப்பது அதே மூன்றாவது வரியில்தான்.

எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது.

நேரான பதில் கேட்டீர்கள், இதைவிட நேராக என்னிடம் இல்லை. நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து மேல் விளிம்பில் ஒரு தகடுதான் போடுகிறேன். வாய்க்குள்ளிருந்தே போட்டுவிடலாம், கன்னத்தில் துளை வேண்டாம், எலும்பின் மேல் உள்ள சதையை அதிகம் பிரிக்க வேண்டாம். உங்களுக்குக் கை வைத்தவர் என்னிடம் வேலை பார்க்கும் சின்ன டாக்டர். நீங்கள் உறவு என்பதால் நான் தொடவில்லை, பக்கத்தில் நின்றேன். அவர் இரண்டு தகட்டுக் கட்சி. கீழ் விளிம்பை அப்படியே விட்டால் அது ஆடும் என்பார். இரண்டு பக்கமும் படித்த ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் நல்ல முடிவுகளைக் காட்டுகிறார்கள். நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேஜையில் இதைப் பேசிப் பேசிச் சாப்பாடு ஆறியதுதான் மிச்சம்.

அதனால்தான் உறை. முடிவை என் கையில் கொடுத்தால் என்ன செய்வேன் தெரியுமா? சுலபமான முறிவுகளுக்கு ஒரு தகடும், சிக்கலானவற்றுக்கு இரண்டு தகடும் போடுவேன். பிறகு, பார்த்தீர்களா, ஒரு தகட்டுக்காரர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்று மேடையில் பேசுவேன். பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. உங்களுக்கு உங்கள் மேலேயே நம்பிக்கை இல்லையா என்று கேட்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் இல்லை.

ஆராய்ச்சியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டாம். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஆனால் பரிசோதனைக்கு மட்டும் வாருங்கள். அது ஆராய்ச்சிக்காக அல்ல, தாடைக்காக. நான் சொல்லும்வரை கெட்டியாக எதையும் மெல்லாதீர்கள்.

பணிவுடன்,
சம்பந்தியம்மா


பிப்ரவரி 17

சம்பந்தியம்மாவுக்கு,

எழுத்துப் பிழை பார்ப்பது வேறு, பொருள் பார்ப்பது வேறு. வலியில் இருக்கிறவன் கண்ணில் பிழைதான் முதலில் படும். தாடை உடைந்தவன் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? வலது பக்கம் சாய்த்தால் வலி, இடது பக்கம் சாய்த்தால் வலி. மேலும் கீழும்தான் ஆட்ட முடிந்தது.

கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னீர்கள். அனுப்பவில்லை. விலகுவதற்கு முன்னால் உங்கள் தவறைக் காட்டிவிட்டு விலகுவதுதான் முறை.

உங்கள் பதிலில் ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மேல் விளிம்பு. எனக்குத் தகடு மேலே இருக்கிறது. பல்லுக்குப் பின்னால், ஈறுக்குள். ஏன் மேலே? யோசித்தேன், பிடிபடவில்லை. பின்கட்டில் கிடந்த இழைத்த மரக்கட்டை ஒன்றை எடுத்து நடுவில் அறுத்து இரண்டாக்கினேன். தகரப்பட்டையை வெட்டி, அறுத்த இடத்துக்குக் குறுக்காக, மேல் விளிம்பில் வைத்துத் திருகாணி போட்டேன். கட்டையை இரண்டு செங்கல்லுக்கு மேல் பாலம்போல் வைத்து, நடுவில் மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிட்டேன்.

உங்கள் மகள் காய்ந்த துணி எடுக்க வந்தவள், "இது யாரோட தாடை மாமா?" என்றாள்.

"உங்கம்மா கட்சியோட தாடை" என்றேன்.

டப்பாவில் மணல் ஏற ஏற, அறுத்த இடம் கீழ்ப் பக்கம் வாய் பிளந்தது. தகடு மேலே சும்மா வளைந்து வேடிக்கை பார்த்தது. பிறகு தகட்டைக் கழற்றிக் கீழ் விளிம்பில் போட்டேன். அதே பாரம், அதே கட்டை. அசையவில்லை. ஜன்னலுக்கு மேல் லிண்டல் உத்தரம் போடுகிற எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார், பாரம் மேலே இருந்து அழுத்தினால் அடிப் பக்கம்தான் பிளக்கும், கம்பி அடியில்தான் இருக்க வேண்டும். இதற்கு மரக்கட்டையும் மணலும் போதும். மனிதர்களின் தாடை தேவையில்லை.

ஒரு தகடா இரண்டு தகடா என்று இவ்வளவு பேர் சண்டை போடுகிறீர்களே, அந்த ஒரு தகட்டைச் சரியான இடத்தில் போட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

காத்திருக்கும்,
சம்பந்தி


பிப்ரவரி 22

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சின்ன டாக்டருக்குப் படித்துக் காட்டினேன். பெயிண்ட் டப்பா வரும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை, ஒரு தாளை எடுத்து உங்கள் கட்டையை வரைந்து பார்த்தார். அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று. உங்கள் கட்டையின் இரண்டு முனையும் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று, முகவாய்க்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். அங்கே எந்தச் செங்கல் இருக்கிறது?

தாடை காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் தொங்குகிறது. மெல்லுகிற தசைகளும் பின்னால்தான் பிடித்துத் தூக்குகின்றன. முன்பக்கத்துக்குத் தாங்கல் இல்லை. முன்பல்லால் எதையாவது கடித்தால் பாரம் அந்தத் தாங்கல் இல்லாத முனையில் விழுகிறது. அப்போது உடைந்த இடம் எந்தப் பக்கம் பிளக்கும் என்பதை நான் சொல்வதைவிட நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது, நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கட்டட பாஷையில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

விலகல் கடிதம் வரவில்லை. அவசரமில்லை. பரிசோதனைக்கும் நீங்கள் வரவில்லை. அது அவசரம். கன்னத்தில் வீக்கம் இருக்கிறதா, பல் வரிசை முன்பு சேர்ந்த மாதிரியே சேர்கிறதா என்று நான்கு கேள்விகளை மகளிடம் சொல்லி அனுப்பினேன். "எல்லாம் எழுத்தில் கேட்கச் சொல்லு" என்றீர்களாம். எழுத்தில் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
சம்பந்தியம்மா


மார்ச் 3

சம்பந்தியம்மாவுக்கு,

சன்ஷேடு என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டாம்.

கண்ணாடி முன்னால் நின்று முகவாய்க்கு அடியில் கையை விட்டேன். காற்றுதான் இருந்தது. அடுத்த நிமிஷம் பின்கட்டுக்குப் போனேன். அடியில் தகடு போட்ட அதே கட்டையின் ஒரு முனையை வைஸ் இடுக்கியில் முடுக்கி, மறு முனையில் டப்பாவைத் தொங்கவிட்டேன். மேல் பக்கம் பிளந்தது. பிளக்கத்தான் செய்யும். சுவருக்குள் ஒரு பக்கம் புதைந்து, மறு பக்கம் வெட்ட வெளியில் நீண்டிருக்கும் எதற்கும் கம்பி மேலே இருக்க வேண்டும். சன்ஷேடு, பால்கனி எல்லாம் அப்படித்தான். அது தெரியாமல் அடியில் போடுகிறவர்கள் கட்டியதுதான் உங்கள் ஜன்னலுக்கு மேலே இருப்பது. ஆக உங்கள் தகடு இருக்கும் இடம் சரி. இதில் என் தவறு ஒன்றும் இல்லை. தாங்கல் இல்லை என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் நான் செங்கல் வைத்திருக்கவே மாட்டேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

தாடை ஒரு சன்ஷேடு இல்லை. இரண்டு. இடது காதிலிருந்து ஒன்று, வலது காதிலிருந்து ஒன்று, முகவாயில் கைகோத்துக்கொள்கின்றன. நான் முன்பல்லால் கடித்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இடது கடைவாய்ப் பல்லால், உடைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கடித்தால் என்ன ஆகும்? பாரம் பின்னால் விழுகிறது. வலது பக்கத் தாடை உடையாமல் நன்றாக இருக்கிறது, அது முகவாயை மேலே தூக்கிப் பிடிக்கிறது. முன்னால் தாங்கல் வந்துவிட்டதல்லவா? என் செங்கல் திரும்ப வந்துவிட்டதல்லவா? அப்போது கீழ் விளிம்புதானே பிளக்க வேண்டும்? அங்கே எனக்குத் தகடு இல்லையே?

இதை மரத்தில் பார்க்க வழியில்லை. மரத்துக்குத் தசை கிடையாது. ஆகவே வறுத்த வேர்க்கடலையை இடது கடைவாயில் வைத்து மென்று பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் மகள் பார்த்துவிட்டாள்.

"அம்மா மெல்லக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல மாமா?"

"மெல்லலம்மா. சோதிக்கிறேன்."

"சோதிச்சிட்டுத் துப்பணும். நீங்க முழுங்குறீங்க."

நான் அடுத்த கடலையை வாயில் போட்டேன், அதனால் உங்களுக்கு அவள் போன் செய்திருப்பாள். முதலில் காதுக்குக் கீழே 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. தகடு தாங்குகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஈறுக்குப் பின்னால் சிறிது வீக்கம். காலையில் வாய் உப்புக் கரிக்கிறது. குறிப்பிடும்படி ஒன்றுமில்லை, எழுத்தில் கேட்டதால் எழுதுகிறேன். கடைவாய்க் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

சம்பந்தி


மார்ச் 6

சம்பந்தி அவர்களுக்கு,

போனை நீங்கள் எடுக்கவில்லை. அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம். கடைவாயில் கடிக்கும்போது கீழ் விளிம்பு பிளக்கப் பார்க்கும். இரண்டாவது தகடு வேண்டும் என்கிறவர்களின் வாதமே அதுதான். ஒரு தகட்டுக்காரர்கள், எலும்பு சேரும்வரை நோயாளி அங்கே பலமாகக் கடிக்க மாட்டார், அந்தச் சின்ன ஆட்டம் ஒன்றும் செய்யாது என்கிறோம். யார் சரி என்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். உட்கார்ந்து இதை உங்களோடு பேச எனக்கு ஆசை. இப்போது முடியாது.

அந்த 'டிக்' சத்தம் திருகாணி எலும்பிலிருந்து விடுபட்ட சத்தமாக இருக்கலாம். உப்புக் கரிப்பது சீழ். எலும்பு சேர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் படம் எடுக்க வரவில்லை. முழுதாகச் சேர்வதற்கு முன் சீழ் முறிவுக்குள் இறங்கினால், சேர்ந்த கொஞ்சமும் பிரிந்துவிடும். பிறகு கழுத்துப் பக்கம் வெளியிலிருந்து கீறி, விரல் நீளத்துக்குக் கனமான தகடு போட வேண்டியிருக்கும். அதற்கு உறையும் இல்லை, சீட்டும் இல்லை.

மாப்பிள்ளையிடம் வண்டி எடுக்கச் சொல்லிவிட்டேன். கோபத்தோடேயே வாருங்கள். என்னோடு பேச வேண்டாம், வாயை மட்டும் திறந்து காட்டுங்கள்.

சம்பந்தியம்மா


மார்ச் 28

சம்பந்தியம்மாவுக்கு,

பேச வேண்டாம் என்று நீங்கள் எழுதியபடியே ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் உங்களோடு பேசவில்லை. நீங்களும் தினமும் வந்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் கால் பக்கம் நின்று போனீர்கள். ஆனால் மற்றவர்களோடு பேசக் கூடாது என்று நீங்கள் எழுதவில்லை.

வெளியே நர்ஸ், "அந்த ஒரு தகட்டுக்காரரை உள்ள அனுப்புங்க" என்று கூப்பிட்டார். இத்தனை வருஷம் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள், அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். இப்படி யாரும் கூப்பிட்டதில்லை. உள்ளே சின்ன டாக்டர் ஈறில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, தகட்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். என்ன ஒரு சின்னப் பொருள். என் சுண்டுவிரல் நுனியில் பாதி அகலம்கூட இல்லை, நாலு துளை. முறிவுக்கு முன்னால் இருந்த திருகாணிகள் கழன்று ஆடின. பின்னால் இருந்தவை இறுக்கமாக இருந்தன, எடுக்கச் சிரமப்பட்டார். ஏன் முன்னால் மட்டும்? அதை அவரிடம் கேட்க முடியாமல் வாயில் பஞ்சு இருந்தது.

பஞ்சை எடுத்த பிறகு அவரே சொன்னார். "எலும்பு நல்லா சேர்ந்திருச்சுங்க. இந்தச் சீழ் கொஞ்சம் முந்தி வந்திருந்தா சிக்கலாயிருக்கும். தப்பிச்சீங்க. ஆனா தகட்டை எடுக்க வேண்டியதாப் போச்சே. கணக்குல இது தோல்விதான்."

"யாரோட தோல்வி?" என்று கேட்டேன்.

"உங்க தோல்வி இல்லைங்க ஐயா. ஒரு தகட்டோட தோல்வி."

அவர் முகத்தில் வருத்தம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு இது பொறுக்கவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது. தகடு எதற்கு வந்ததோ அந்த வேலையை முடித்துவிட்டது. வேர்க்கடலை தின்றவன் நான். அது என் சோதனை. உங்கள் ஆராய்ச்சிக்குள் நான் நடத்திய ஆராய்ச்சி. நான் வைத்த பாரத்துக்கு அந்தத் தகட்டின் மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்? தாங்காது என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பாரத்தை ஏற்றிவிட்டு, கட்டடம் சரியில்லை என்று எழுதுவார்களா?

சின்ன டாக்டரிடம் சொல்லித் திருத்துங்கள். முடியாது என்றால் என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் பிப்ரவரியில் கேட்ட ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

தகட்டின் தரப்பில்,
சம்பந்தி


ஏப்ரல் 4

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் ஒரு வரி வந்து சேர்ந்தது. முறைப்படி அதை அன்றைக்கே ஆராய்ச்சிக் கோப்பில் சேர்த்திருக்க வேண்டும். இரண்டு நாளாக என் கைப்பையில் இருக்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

திருத்த முடியாது. யாருக்கு எந்த உறை வந்ததோ அந்தப் பக்கத்தில்தான் அவரை எண்ண வேண்டும், பிறகு என்ன நடந்தாலும், யார் காரணமானாலும். இந்த விதியை எழுதியது நானும் சின்ன டாக்டரும் சேர்ந்துதான், முதல் உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே. காரணம் பார்த்துக் கழிக்க ஆரம்பித்தால் எனக்குப் பிடிக்காத ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பேன். ஒருவர் புகை பிடித்தார், ஒருவர் பல் தேய்க்கவில்லை. உங்களுடையதைக் கண்டுபிடிக்கக்கூட வேண்டாம். நீங்களே கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

விலகலாம். அது உங்கள் உரிமை, நான் தடுக்க முடியாது. ஆனால் இது தெரிந்து விலகுங்கள். இதுவரை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கிறது. இரண்டு தகட்டுக்காரர்களிலும் சிலருக்குச் சீழ் வைத்தது. உங்களை எடுத்துவிட்டால் ஒரு தகட்டுப் பக்கம் ஒரு தோல்வி குறையும். தராசு என் பக்கம் சாயும். நான் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பது சரி என்று ஆகிவிடலாம்.

உங்கள் கடிதத்தைப் பிரித்து அந்த விலகல் சீட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. சின்ன டாக்டரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்க சம்பந்தி, நீங்களே பாத்துக்கோங்க மேடம்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

முன்பக்கத் திருகாணி ஏன் கழன்றது என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை. அங்கே எலும்பு மெல்லியது என்பது என் ஊகம். நீங்கள் மென்ற பல்லுக்கு அது பக்கம் என்பது அவர் ஊகம்.

உங்கள் முடிவை எழுதுங்கள். இந்த வார இறுதிக்குள் எழுதாவிட்டால் சீட்டைச் சேர்த்துவிடுவேன், அதற்கு மேல் வைத்திருக்க எனக்கு அனுமதி இல்லை.

சம்பந்தியம்மா


ஏப்ரல் 7

சம்பந்தியம்மாவுக்கு,

தபாலை நம்பாமல் இதை என் மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் விதி எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஒரு தப்பும் செய்யாத தகட்டைத் தோல்விப் பக்கத்தில் நிறுத்துகிறது. நேற்று முழுவதும் அந்த விதியில் ஓட்டை தேடினேன். இன்னும் தேடுவேன்.

உங்கள் மகளிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மா ஜெயிச்சா உங்களுக்கு என்ன மாமா?"

"நல்லா ஜெயிக்கட்டும். என் தாடையை ஒளிச்சு வெச்சிட்டு ஜெயிக்க வேண்டாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. உங்கள் விதிக்கு நீங்கள் சொன்ன காரணத்தைவிட இது நல்ல காரணம். உங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

சொன்னதைக் கேட்டு, கெட்டியாக எதையும் மெல்லாமல், பரிசோதனைக்குத் தவறாமல் வருகிற ஆளுக்கு ஒரு தகடு போதும். அது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மாதிரி ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு அவர்களுக்கு மட்டும்தான் உதவும். நான் கட்டிய வீடுகளில் குடியேறியவர்களில் எத்தனை பேர் சொன்ன இடத்தில் சொன்ன பாரத்தை வைத்தார்கள்? மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டியவர்கள் உண்டு, சன்ஷேடு மேல் மரம் வளர்த்தவர்கள் உண்டு. அதையும் சேர்த்துத்தான் கம்பி போட்டேன்.

அந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். நான் விலகவில்லை. சின்ன டாக்டர் முன்னால் கிழியுங்கள். கடைசிப் பரிசோதனைக்கு இருபதாம் தேதி வருகிறேன். படம் எடுக்கட்டும், பல் வரிசையைப் பார்க்கட்டும், வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்கட்டும். இரண்டு விரல் என்று எழுதியது இப்போது மூன்றுக்கு மேல் வந்துவிட்டது. உங்களோடு பேசுவதா வேண்டாமா என்று அங்கே வந்து முடிவு செய்கிறேன்.

ஒரு தகடு, தோல்வி என்று என்னை எழுதிக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஒரு நாள் உங்களிடம் தாடை உடைந்து வருகிறவன், மெல்லாதே என்று சொன்னால் மென்று பார்க்கிறவனாக இருப்பான். அவனுக்கு எதைப் போடுவது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

சம்பந்தி